மஞ்சள் ஒயரும் ஆறு ரூபாயும்

மக்களே, இந்தப் பதிவில் காமர்ஸ் கிடையாது, கொஞ்சம் ஒயர் சரித்திரம்.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்றுதான் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 இஞ்ச் படக்குழாய் பெட்டி. 2011-ல் திட்டம் நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வேலூர், ஆம்பூர் பக்கம் தோல் ஷாப், ஷூ கம்பெனி என்று வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளுக்கும் வந்தது. டிவி வந்தால் அடுத்து பிளேயர்தானே? 2007-ல் மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று சினிமாவை விற்க இறங்கியது.

வித்தியாசம் ஆறே ரூபாய். (பார்த்தீர்களா, காமர்ஸ் வந்துவிட்டது!) அந்த ஆறு ரூபாய்க்கு என்ன கிடைத்தது? விசிடி படத்தின் அளவு 352க்கு 288 புள்ளி. டிவிடி 720க்கு 576. நாலு மடங்கு விவரம். ஆனால் வீட்டுக்குள் அது வந்த வழி ஒற்றை மஞ்சள் ஒயர்.

இங்கேதான் சரித்திரம். கலர் ஒளிபரப்பு வந்தபோது, ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிய வேண்டுமே என்று, வெளிச்சத்தின் சிக்னலுக்குள்ளேயே நிறத்தையும் செருகினார்கள். 1982-ல் நம் நாட்டில் கலர் வந்ததும் பால் என்ற அந்த வகை முறையில்தான். மஞ்சள் ஒயரில் ஓடுவதும் அதே கலவைதான். டிவிடி தட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகியிருக்கும். பிளேயர் அதைக் கலக்கி அனுப்பும், டிவி மறுபடி பிரிக்கப் பார்க்கும். வெட்டி வேலை! பிரிப்பது முழுசாக நடக்காது. அதனால்தான் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல் புள்ளிகள். கதாநாயகன் பொடிக்கோடு சட்டை போட்டு வந்தால் இல்லாத வானவில் எல்லாம் தெரியும்.

எஸ்-வீடியோ ஒயர் இரண்டையும் பிரித்தே அனுப்பும். பச்சை, நீலம், சிவப்பு என மூன்று பின் உள்ள காம்பொனென்ட் இன்னும் மேல். பல பிளேயர்களின் முதுகில் அந்த மூன்று துளைகளும் இருந்தன, தூசி பிடித்தபடி. சின்ன டிவிகளில் பெரும்பாலும் மஞ்சள் துளை மட்டும்தான். 576 வரிகள் மஞ்சளிலும் வந்துவிடும் என்பதால் ஆறு ரூபாய் முழுக்க வீண் இல்லை. என் கணக்கில் பாதியாவது தேறியிருக்கும் :)

14 இஞ்சில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அதே பிளேயரை இன்று 43 இஞ்ச் எல்இடியில் மஞ்சள் ஒயரால் மாட்டினால் நன்றாகவே தெரியும். எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்று வண்ணத் துளைகளைத் தேடுங்கள். ஒன்று மட்டும் கவனம், அங்கே இருக்கும் சிவப்பு வேறு, ஆடியோ சிவப்பு வேறு.