பொருநை மண்ணுக்குள்ளே – 9: ஈரத்தில் தோற்ற கண்

1981 நவம்பர். எகிப்து–சூடான் எல்லையில், சஹாரா பாலைவனத்துக்கு மேலே 'கொலம்பியா' விண்ணோடம் பறந்துபோனது. அதிலிருந்த ராடார் எடுத்த படத்தை விரித்துப் பார்த்த விஞ்ஞானிகளுக்குத் திகைப்பு. கண்ணுக்கு வெறும் மணல். படத்திலோ, அந்த வறண்ட மணலுக்கு அடியில் புதைந்த பழைய ஆற்றுப் படுகைகள்! நேரில் போய்க் குழி தோண்டினார்கள். கற்கால மனிதர்களின் கருவிகள் வந்தன.

போன வாரம் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயாவை ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் விட்டுவிட்டு வந்தோமே, அங்கே திரும்புவோம். 1899இல் அவர் மண்வெட்டியைத்தான் நம்பினார். 114 ஏக்கர் மேடு. எந்த இடத்தில் முதுமக்கள் தாழி என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. வானிலிருந்து ஒரு ராடார் அலையை இறக்கியிருந்தால்?

அலை மண்ணுக்குள் போகும். மண்ணின் தன்மை மாறும் இடத்தில், தாழிக்குள் இருக்கும் வெற்றிடத்தில், ஒரு பங்கு திரும்பி வரும். வந்த நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரியும். ஆனால் உயரத்திலிருந்து அனுப்பினால் பெரும்பங்கு தரையில் பட்டதுமே சிதறிவிடும். அதனால்தான் ட்ரோனில் கட்டினாலும் தரையை உரசுகிறாற்போலப் பறக்கவிடுகிறார்கள். கீழடியிலும் ராடாரைத் தரையில் வைத்தே பார்த்தார்கள்.

திருச்செந்தூர் சாலை குறுக்கே ஓடும் அந்தப் பரம்பு சரளைக் காடு. கோடையில் காய்ந்து கிடக்கும். அங்கே ராடாருக்கு வாய்ப்பு உண்டு என்பது என் எண்ணம். கீழே இறங்கி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டினால் கதையே வேறு. வாழையும் நெல்லும், காலங்காலமாகப் பொருநை ஆறு கொண்டுவந்து கொட்டிய களிமண். ஈரக் களி, அலையை உறிஞ்சிச் சூடாக்கித் தீர்த்துவிடும். உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அண்டார்க்டிகாவில் விமானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் பனியைத் துளைக்கும் நுட்பம், நம் நஞ்சையில் ஒரு மீட்டர் இறங்கவே திணறும்.

வேடிக்கை என்னவென்றால், ராடார் குருடாகும் இந்தப் பக்கத்தில்தான் பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இருக்கிறது. கடல் பின்வாங்கி, இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது.

சஹாராவில் வானத்துக் கண் வழிகாட்டியது. கொற்கையில் மண்வெட்டிதான். 1968–69இல் மாநிலத் தொல்லியல் துறையினர் குழி வெட்டி இறங்கினார்கள். அங்கே கிடைத்த கரியைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். கொற்கையைச் சங்க காலத்து ஊர் என்று மட்டும் நினைத்திருந்தவர்களை, திரும்பி வந்த ஆண்டுக்கணக்கு நிமிர்ந்து உட்கார வைத்தது.

அந்த ஆண்டு எது? அடுத்த வாரம்.

(தொடரும்)