கேட்டவரும் மறுத்தவரும்

மலர்க்குழுவில் கட்டுரை கேட்டபோதே, "ஹாஸ்டல் மெஸ்ஸையும் அரியர்ஸையும் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு, நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு விஷயம். இறந்துபோன மனிதர்களின் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம். இது சரிதானா? இதைப் பார்க்க ஏன் இவ்வளவு கூட்டம்? எலும்புக்கூடு என்றாலே பயப்படுகிறவர்கள் தாராளமாக அடுத்த கட்டுரைக்குப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இதை யோசிப்பதற்கு லண்டனில் இருந்த இரண்டு பேருடைய கதை போதும். ஒருவர், "என்னைப் பார்வைக்கு வையுங்கள்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். இன்னொருவர், "தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்" என்று கெஞ்சியவர். இரண்டு பேருமே கண்ணாடிக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் மறுத்தவரைப் பார்ப்போம். பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்துக்காரர். உயரம் ஏழரை அடிக்கு மேல். 1782-ல் லண்டனுக்கு வந்து, தன் உயரத்தையே காட்சியாக்கிக் காசு சம்பாதித்தார். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. கொஞ்ச நாளில் மவுசு குறைந்தது, குடி கூடியது. சேர்த்து வைத்திருந்த பணமும் திருட்டுப் போனது. 1783 ஜூன் மாதம், 22 வயதில் செத்துப் போனார்.

சாவதற்கு முன்பே அவருக்கு ஒரு பயம். தன் உடம்பு மேல் டாக்டர்களுக்கு ஒரு கண் இருக்கிறது என்று தெரியும். அதனால் நண்பர்களைக் கூப்பிட்டு, "என்னை ஈயப் பெட்டியில் வைத்து நடுக்கடலில் போட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நண்பர்களும் சரி என்றார்கள். ஆனால் கடலுக்குப் போன பெட்டிக்குள் பைர்ன் இல்லை. ஜான் ஹண்டர் என்ற பெரிய அறுவை மருத்துவர், நடுவில் இருந்தவர்களுக்குப் பணம் கொடுத்து உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கொடுத்த தொகை 500 பவுன் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். உடலைக் கொப்பரையில் வேகவைத்து, எலும்பை மட்டும் எடுத்துக் கோத்து நிறுத்தினார். அப்புறம் அது லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் ஹண்டேரியன் மியூசியத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றது.

ஹண்டரை வெறும் வில்லன் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இன்றைய அறுவை மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர். அந்த எலும்புக்கூட்டால் பலனும் இருந்தது. 1909-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நிபுணர் மண்டையோட்டைத் திறந்து பார்த்து, பிட்யூட்டரி சுரப்பி இருந்த குழி பெரிதாகியிருப்பதைக் கண்டுபிடித்தார். அசாதாரண வளர்த்திக்குக் காரணம் அங்கேதான் இருந்தது. 2011-ல் பைர்னின் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அதே மரபணுக் கோளாறு இன்றைக்கும் வட அயர்லாந்தில் சில குடும்பங்களில் இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் குடும்பங்களில் யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சோதிக்க இது உதவுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் பல்லிலிருந்து துளி எடுப்பதற்கும், ஆளையே இருநூறு வருஷத்துக்கு மேல் காட்சியாக நிறுத்திவைப்பதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லையே.

இனி கேட்டவர். ஜெரமி பெந்தாம், தத்துவ மேதை, சட்ட நிபுணர். இவர் கதை புரிய வேண்டுமானால் அந்தக் கால நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். பிரிட்டனில் அப்போது பாடத்துக்காக அறுக்கச் சட்டப்படி கிடைத்தது தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல் மட்டுமே. மாணவர் கூட்டம் பெருகப் பெருக அது போதவில்லை. கல்லறையைத் தோண்டித் திருடி விற்கிற தொழில் கிளம்பியது. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர், தோண்டுகிற வேலை எதற்கு என்று ஆட்களைக் கொன்றே விற்றார்கள். 1828-க்குள் 16 பேர்! 1829-ல் பர்க்கைத் தூக்கில் போட்டு, அவன் உடலையும் மாணவர் முன்னால் அறுத்தார்கள். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்து மியூசியத்தில்தான் இருக்கிறது.

சாதாரண மனிதர்கள் தாங்களாகவே உடலைக் கொடுத்தால் இந்தக் கொடுமை எல்லாம் ஓயும் என்பது பெந்தாமின் கட்சி. சொன்னதோடு நிற்கவில்லை. 1832 ஜூன் 6-ஆம் தேதி, 84-வது வயதில் அவர் காலமானபோது, அவர் எழுதிவைத்தபடி நண்பரான டாக்டர் சவுத்வுட் ஸ்மித் அந்த உடலை எல்லோர் முன்னிலையிலும் அறுத்து விரிவுரை நடத்தினார். பிறகு எலும்புக்கூட்டுக்கு வைக்கோல் திணித்து, அவருடைய சொந்த உடுப்பையே மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்தார்.

தலையில்தான் தகராறு. கந்தக அமிலத்தையும் ஏர் பம்ப்பையும் வைத்து ஈரத்தை உறிஞ்சினார்கள். பிராசஸ் கன்ட்ரோல் இல்லாத வேலை எப்படி முடியும் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகம் கறுத்துச் சுண்டி, பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் மெழுகில் தலை செய்து வைத்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். 1975-ல் போட்டிக் கல்லூரியான கிங்ஸ் காலேஜ் பசங்கள் அசல் தலையைத் தூக்கிக்கொண்டு போய், தர்ம காரியத்துக்கு 100 பவுன் கொடுத்தால்தான் தருவோம் என்றார்கள். பேரம் பேசி 10 பவுனில் முடிந்தது. கல்லூரிப் பசங்கள் எந்த ஊரிலும் கல்லூரிப் பசங்கள்தான்!

அவர் செத்த அதே 1832-ல் உடற்கூறு சட்டம் வந்தது. ஆனால் அது பெந்தாம் மாதிரி விரும்பிக் கொடுப்பவர்களை மட்டும் நம்பவில்லை. ஏழை விடுதிகளில் செத்து, யாரும் உரிமை கோராத உடல்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது ஏழைக்குத் தலைவிதியாகிப் போனது.

இந்தப் பழங்கதை இன்னும் முடிந்தபாடில்லை. 1977-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் குந்தர் வான் ஹாகன்ஸ் என்பவர் 'பிளாஸ்டினேஷன்' என்ற முறையைக் கண்டுபிடித்தார். எஞ்சினியர் என்ற முறையில் எனக்கு இது ரொம்பப் பிடித்த பிராசஸ். உடலை ஃபார்மலினில் பதப்படுத்தி, குளிர்ந்த அசிட்டோனில் ஊறவைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீரின் இடத்தை அசிட்டோன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் திரவ சிலிக்கோன் ரப்பரில் மூழ்கவைத்து வேக்குவம் கொடுப்பார்கள். அழுத்தம் குறையக் குறைய அசிட்டோன் கொதித்து ஆவியாக வெளியேறும். காலியான இடத்தில் சிலிக்கோன் புகுந்துகொள்ளும். கடைசியில் வாயு செலுத்தி இறுக வைத்தால் நாற்றம் இல்லை, அழுகல் இல்லை. நிற்கிற மாதிரி, ஓடுகிற மாதிரி, எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். 1995-ல் ஜப்பானில் முதல் கண்காட்சி நடந்தது. 1997-ல் ஜெர்மனியின் மான்ஹைமில் நடந்தபோது சில மாதங்களில் ஏழரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

அத்தனை பேரும் வக்கிரம் பிடித்தவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. நமக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கருத்துப்போன நுரையீரலை ஒருதரம் நேரில் பார்த்தவன் சிகரெட்டைப் பற்ற வைக்கக் கொஞ்சமாவது யோசிப்பான். ஆசை தப்பில்லை. அங்கே நிற்கிறவர் யார், எப்படி அங்கே வந்தார் என்பதுதான் கேள்வி. வான் ஹாகன்ஸ் உயிரோடு இருக்கும்போதே சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்களுக்கென்று ஒரு திட்டமே வைத்தார். இதே மாதிரி கண்காட்சி நடத்திய ஒரு அமெரிக்கக் கம்பெனியோ சீனாவிலிருந்து உடல்களைத் தருவித்தது. அவை கைதிகளுடைய உடல்கள் இல்லை என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. அதை வெளிப்படையாக எழுதிப் போட வேண்டும், கேட்டவர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2008-ல் நியூயார்க்கில் சமரசம் ஆனது. மறு வருஷம் பாரிஸில் வேறு ஒரு கண்காட்சியைக் கோர்ட்டே மூடச் சொல்லிவிட்டது.

பைர்ன் விஷயம் என்ன ஆயிற்று? 2017-லிருந்து புதுப்பிப்புக்காக மூடியிருந்த ஹண்டேரியன் மியூசியம் 2023-ல் திறந்தபோது அந்த எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். பாதி நியாயம் கிடைத்திருக்கிறது. கடல் இன்னும் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால் கணக்கு சுலபம். எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு பயன் என்பதெல்லாம் இரண்டாவது வரி. முதல் வரியில் அந்த மனிதருடைய சம்மதம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கீழே எத்தனை சைபர் போட்டாலும் விடை தப்புதான்.

நம் கூட்டத்திலும் சிலர் உடல் தானம் செய்யப் படிவம் நிரப்பியிருக்கிறார்கள், சிலர் இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். இரண்டுமே அவரவர் உரிமை. ஆனால் எதுவானாலும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள், எழுதியும் வையுங்கள். பெந்தாமுக்கு எழுதின தாளும் இருந்தது, சொன்னபடி செய்கிற நண்பரும் இருந்தார். பைர்ன் நண்பர்களின் வாய்வார்த்தையை மட்டுமே நம்பினார். நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் அப்படி நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனால், அந்தப் பெட்டி கடலுக்குப் போய்ச் சேருகிறதா என்று கூடவே போய்ப் பார்க்கிற கடமை நமக்கு உண்டு.