ஆறு கந்தகக் கண்ணிகள்: ஒரு வலிமருந்து பிறந்த கதை

புற்றுநோய் முற்றி, மார்ஃபினுக்கும் அடங்காத வலியில் கிடப்பவர்களுக்கு ஜிகோனோடைடு என்றொரு மருந்து உண்டு. ஒரு சிறிய பம்ப் அதை முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரில் சொட்டுச்சொட்டாகச் செலுத்துகிறது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒரு கிராமைச் சுமார் நான்கு லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் இது. இந்த மருந்தின் மூலம், மீனைக் குத்திச் செயலிழக்கவைத்து விழுங்கும் ஒரு கடல் நத்தையின் நஞ்சு.

கதை மனிலாவில் தொடங்குகிறது. பிலிப்பைன்ஸ்காரரான பால்டோமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் டி.என்.ஏ. இழைகளை ஒட்டும் நொதியை ஆராய்ந்தவர். ஊர் திரும்பியபோது அந்த வேலையைத் தொடர அங்கே கருவிகள் இல்லை. சிறுவயதிலிருந்தே கடற்சிப்பிகளைச் சேகரித்து வந்தவர் என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கூம்பு நத்தைகளின் பக்கம் திரும்பினார். அவற்றில் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனம் மனிதரையே கொன்றுவிடும். அந்த நஞ்சில் என்னதான் இருக்கிறது என்று அவரும் லூர்து குரூஸும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மருந்து கண்டுபிடிப்பது அப்போது யாருடைய நோக்கமும் அல்ல.

பின்னர் ஒலிவேரா யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர், நஞ்சை எலியின் வயிற்றில் ஏற்றுவதற்குப் பதிலாக நேராக மூளையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். நஞ்சின் ஒவ்வொரு கூறையும் தனியாக ஏற்றியபோது ஓர் எலி தூங்கியது, ஒன்று நடுங்கியது, ஒன்று உடலைச் சொறிந்துகொண்டே இருந்தது. அதுவரை ஒரே நஞ்சு என்று எண்ணியிருந்தது, தனித்தனி வேலை செய்யும் பல புரதத்துணுக்குகளின் கலவை என்று தெரிந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மைக்கேல் மெக்கின்டாஷ், கோனஸ் மேகஸ் என்ற நத்தையின் நஞ்சிலிருந்து எலியை நடுங்கவைக்கும் துணுக்கைப் பிரித்தெடுத்தார். ஒமேகா-கோனோடாக்சின் எம்.வி.ஐ.ஐ.ஏ. என்று அதற்குப் பெயர். மொத்தமே 25 அமினோ அமிலங்கள்.

அது செய்யும் வேலை என்ன? நரம்பின் முனையில் கால்சியம் வாய்க்கால்கள் உண்டு. சமிக்ஞை வந்து சேர்ந்ததும் அவற்றின் மடை திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில்தான் அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள் வெளியேறுகிறது. நத்தையின் நஞ்சு இந்த மடையை அடைத்துவிடுகிறது. மீனில் நரம்பும் தசையும் பேசிக்கொள்வது இந்த வகை வாய்க்கால் வழியாகத்தான். அது அடைபட்டதும் மீன் அசைவற்றுப் போகிறது. நம் உடலில் தசையை இயக்கும் நரம்புமுனைகள் பெரும்பாலும் வேறு வகை வாய்க்காலை நம்பியிருக்கின்றன. நத்தை அடைக்கும் ‘என்’ வகை வாய்க்கால், முதுகுத்தண்டில் வலிச்செய்தி கைமாறும் இடத்தில் நிறைந்திருக்கிறது. மீனின் உயிரைப் பறித்த அதே துணுக்கு மனிதரின் வலியைத் தணிப்பதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

நியூரெக்ஸ் என்ற நிறுவனத்தில் ஜார்ஜ் மில்ஜானிச்சும் சகாக்களும் இந்தத் துணுக்கை ஜிகோனோடைடு மருந்தாக வளர்த்தெடுத்தார்கள். இரத்தத்தில் ஏற்றினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. அதனால்தான் முதுகுத்தண்டு வழி. தலைசுற்றலும் மனக்குழப்பமும் கடுமையாக வரலாம். அளவை மிக மெதுவாகவே கூட்ட வேண்டும். ஆனால் மார்ஃபினைப்போல, உடல் பழகிப்போய் மேலும் மேலும் கேட்பதில்லை. 2004 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது.

இந்தக் கதையின் இன்னொரு கிளை நம் கடலில் இருக்கிறது. இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கோனஸ் அமாடிஸ் என்ற நத்தை வாழ்கிறது. பழுப்பு ஓட்டில் வெள்ளை முக்கோணங்கள் நிறைந்திருக்கும். மற்ற நத்தைகளே அதன் இரை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணனும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் சக ஆய்வாளர்களோடு அதன் நஞ்சிலிருந்து ஏ.எம். 2766 என்ற துணுக்கைப் பிரித்து 2003-இல் வெளியிட்டார்கள். 26 அமினோ அமிலங்கள்.

எம்.வி.ஐ.ஐ.ஏ., ஏ.எம். 2766 இரண்டின் அமினோ அமில வரிசையையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் வியப்பு அடங்காது. இரண்டிலும் கந்தகம் தாங்கிய சிஸ்டீன்கள் ஆறு. அவை வரும் வரிசையும் ஒன்றே: ஒன்று, ஒன்று, சேர்ந்தாற்போல் இரண்டு, ஒன்று, ஒன்று. இரண்டிலும் அந்த ஆறும் ஜோடி சேர்ந்து மூன்று பிணைப்புகளாகின்றன. சட்டகம் ஒன்றுதான், நடுவே நிற்கும் அமினோ அமிலங்கள்தான் வேறு. அந்த மாற்றத்தால் வேலை தலைகீழாகிறது. பிலிப்பைன்ஸ் நத்தையின் துணுக்கு கால்சியம் மடையை அடைக்கிறது. நம் கடலின் துணுக்கு சோடியம் மடையை மூடவிடாமல் பிடித்து வைக்கிறது. நத்தை தின்னும் நத்தைகளிடம் அதற்கு முன் கிடைத்த இவ்வகை நஞ்சுகள் பாலூட்டிகளின் சோடியம் வாய்க்காலை இப்படித் தொட்டதில்லை; ஏ.எம். 2766 தொட்டது.

கூம்பு நத்தை ஒவ்வொன்றின் நஞ்சிலும் நூற்றுக்குக் குறையாத துணுக்குகள் உண்டு. இனத்துக்கு இனம் அவை மாறும். நாம் படித்திருப்பது மிகக் கொஞ்சம். ஜிகோனோடைடு இன்று ஆய்வகத்திலேயே தொகுக்கப்படுகிறது. அதற்காக ஒரு நத்தையும் சாக வேண்டியதில்லை. ஆனால் எதைத் தொகுப்பது என்று முதலில் சொன்னது நத்தைதான். ஆகவே நத்தை இனங்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும். 2001-இல் கோனஸ் மில்னெட்வர்ட்சி என்ற கூம்பு நத்தை இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அமாடிஸுக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. அது இழுவைமடியில் சிக்கி, அழகுப்பொருளாக விலைபோகிறது. எந்த இனம் எவ்வளவு எடுக்கப்படுகிறது என்ற கணக்கை மீன் இறங்குதளங்களிலேயே எழுதத் தொடங்க வேண்டும். சதையோடு தூக்கியெறியப்படும் நஞ்சுப்பையை ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். மனிலாவில் கருவி இல்லாத ஓர் ஆய்வாளரால் தொடங்க முடிந்தது. அதைவிட வசதியான இடத்தில் நாம் இருக்கிறோம்.