ரத்தத்துல படை இருக்கு, ஆனா வெளிய வரல

போன எபிசோடுல உறைவிந்து பத்திப் பேசினோம். இன்னைக்கு அதோட இன்னொரு பக்கம்.

1952-ல அமெரிக்காவுல ஒரு ஹோல்ஸ்டீன் காளை பிறந்தது. பேரு ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ. செயற்கைக் கருவூட்டல் மூலமா 50, 60-கள்ல அதுக்கு ஏகப்பட்ட கன்றுகள். அந்த வம்சத்துல வந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல், பாலுக்குப் பேர் போன காளை.

ஆனா அந்த வம்சத்துல சில கன்றுகள் மட்டும் நிமோனியா, கழிச்சல், ஈறு அழற்சின்னு மாறி மாறி வந்து சின்ன வயசுலயே செத்துப்போச்சு. கன்று சாவுறது எந்தப் பண்ணையிலயும் நடக்குறதுதானே, யாருக்கு சந்தேகம் வரும்? ரத்தத்தைப் பார்த்தா வெள்ளணுக்கள் இயல்பை விடப் பல மடங்கு. படை இருக்கு, சண்டைக்குத்தான் போகல. ரத்தக்குழாய் சுவரைப் பிடிச்சு வெளியேற சிடி18-ங்கிற புரதம் வேணும். அதுதான் பழுது.

1992-ல ஷுஸ்டர் குழு காரணத்தைச் சொன்னாங்க: அந்த மரபணுவோட 383-ஆவது இடத்துல ஏ-க்குப் பதிலா ஜி. ஒரே எழுத்து! (கோட் எழுதுறவங்களுக்கு இந்த வலி புரியும்.) அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகள்ல சுமார் 15%, பசுக்கள்ல 6% இதைச் சுமந்தன. எல்லாமே ஐவன்ஹோவோட உறவு. ஒரு பிரதி மட்டும் இருந்தா மாடு நல்லாவே இருக்கும், அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கல. ரெண்டு பக்கமும் சுமந்தா, நாலுல ஒரு கன்றுக்கு நோய் வர வாய்ப்பு.

அப்புறம் டிஎன்ஏ பரிசோதனை வந்தது. வம்சாவளிப் பட்டியல்ல சுமக்குற காளைக்கு ‘பிஎல்’, சுத்தமானதுக்கு ‘டிஎல்’னு குறியீடு போட்டாங்க. பால் கணக்குக்குப் பக்கத்துலயே.