ஜான் டெய்லர்: ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர்

ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற பெருமைக்குரியவர் ஜான் பாக்ஸ்டர் டெய்லர். 1882 நவம்பர் 3-ஆம் தேதி வாஷிங்டனில் பிறந்து, பிலடெல்பியாவில் வளர்ந்த இவர், பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவராக, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையேயான 440 கஜ ஓட்டத்தில் 1904, 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் வென்றார். 1908-இல் அங்கேயே கால்நடை மருத்துவப் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டு நடைபெற்ற லண்டன் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதிச்சுற்றில், பிரிட்டன் வீரர் விண்டம் ஹால்ஸ்வெல்லை வழிமறித்ததாக அமெரிக்காவின் ஜான் கார்பென்டரை நடுவர்கள் தகுதிநீக்கம் செய்து, மறு ஓட்டத்துக்கு உத்தரவிட்டனர். டெய்லரும் சக வீரர் வில்லியம் ராபின்ஸும் அதில் பங்கேற்க மறுத்தனர். ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் பெற்றார்.

தனிநபர் பதக்க வாய்ப்பை இழந்த டெய்லர், 1,600 மீட்டர் மெட்லி தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாகக் களமிறங்கி 400 மீட்டர் தூரம் ஓடினார். வில்லியம் ஹாமில்டன், நேட் கார்ட்மெல், மெல் ஷெப்பர்ட் ஆகியோருடன் அவர் இடம்பெற்ற அமெரிக்க அணி தங்கம் வென்றது.

நாடு திரும்பிய டெய்லர், டைபாய்டு காய்ச்சலால் பாதிக்கப்பட்டு 1908 டிசம்பர் 2-ஆம் தேதி பிலடெல்பியாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 26. ஒலிம்பிக் தங்கம் வென்று ஐந்து மாதங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.