அப்பாரு சிரித்த இரவு

‘காதலிக்க நேரமில்லை’ 1964 பிப்ரவரியில் வெளியானது. எங்கள் ஊர் டென்ட் கொட்டாய்க்கு அது வந்து சேர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. கொட்டாயில் புரொஜக்டர் ஒன்றுதான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கு, சோடா விற்பவர்களுக்கு யோகம்.

கலர் படம் எங்கள் ஜில்லாக்காரர்களுக்குப் புதுசல்ல. 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம்தான், 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்துத் தமிழுக்கு முதல் முழுநீளக் கலர் படத்தைத் தந்தார். அந்தப் பெருமையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தாங்களே சாயம் போட்ட மாதிரி பேசுவார்கள்.

புதுசாக இருந்தது வேறு. ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று ஊரையே அழவைத்த ஸ்ரீதர், கோபுவோடு சேர்ந்து ஒரு சாவுகூட இல்லாத காதல் கதை எடுத்திருந்தார். அதுவரை காமெடி தனியாக வரும், கதை தனியாகப் போகும். இதில் கதையே சிரிப்புதான். ரவிச்சந்திரன் புதுமுகம். ஆழியாறு அணைப் பக்கம் எடுத்த காட்சிகளைப் பார்த்து, காவிரித் தண்ணியில் வளர்ந்த நாங்களே வாயைப் பிளந்தோம்.

எங்கள் அப்பாரு சினிமாவுக்கு வருகிறவர் அல்ல. அன்றைக்கு அத்தையும் மற்றப் பெண்களும் இரண்டாவது ஆட்டத்துக்குக் கிளம்பியதால் காவலுக்கு வந்தார். அத்தைக்கு அப்போது ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து ஏக்கர் தோட்டம், கிணறு, மோட்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் வயசு கொஞ்சம் கூடுதல். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

திரையில் டி.எஸ்.பாலையா வந்ததும், “இவன் படுபாவியாச்சே!” என்றார் அப்பாரு. 1936-ல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி வில்லனாகவே பார்த்த முகமல்லவா? ஆனால் இங்கே அவர் பெண்களைப் பணக்கார வீட்டில் கொடுக்கத் துடிக்கும் எஸ்டேட் முதலாளி. முத்துராமன் நரைத்த வேஷம் போட்டுப் பணக்காரச் சம்பந்தியாக வந்ததும் பாலையா குழைந்த குழைவைப் பார்த்து, கொட்டாயே அதிர்ந்தது. அப்பாரு மட்டும் அசையவில்லை.

பிறகு நாகேஷ் பேய்க் கதை சொல்கிறார். பாலையா வாயே திறக்காமல் முகத்தாலேயே பயப்படுகிறார். பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். அப்பாரு! துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கண்ணில் தண்ணீர். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது ரொம்ப தூரம் பேச்சில்லை. வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டார்:

“ஏம் புள்ள, அந்தத் தோட்டத்துக்காரன் உனக்குப் புடிக்குதா?”

அத்தை வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “இல்லீங்கப்பா.”

“செரி.”

அவ்வளவுதான். அந்த வாரமே ஆள் அனுப்பி வரனை முறித்துக்கொண்டார். வீட்டில் இரண்டு மாசம் ஒரே சண்டை. என் அப்பா அவரோடு பேசவே இல்லை. மறு வருஷம் அத்தைக்கு வேறு இடத்தில் முடிந்தது. தோட்டமெல்லாம் கிடையாது, வாத்தியார் சம்பளம்.

எண்பதைத் தாண்டிய அத்தை, டிவியில் இந்தப் படம் ஓடினால் எனக்குப் போன் போடுவார். “பாலையா வந்துட்டாருடா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.