மஹ்ஷரில் ஓர் இலக்கணப் புலவர்

மௌத்தாகிப்போன பிரபலங்களை மறுமையில் சந்திக்க வைத்துச் சிரிப்பூட்டும் கதை வகைக்கு அமெரிக்கரான ஜோன் கென்ட்ரிக் பாங்ஸின் பெயரைச் சூட்டியுள்ளனர். அவர் 1895இல் வெளியிட்ட நாவலில் ஷேக்ஸ்பியரும் நீரோவும் கிரேக்கப் புராணத்து மறுமை நதியில் ஒரு வீட்டுப் படகில் கூடிக் கதைக்கின்றனர். அதற்குச் சுமார் 860 ஆண்டுகளுக்கு முன்னரே சிரியாவின் மஅர்ரத்துந் நுஃமானில் இதைச் செய்துவிட்ட அபுல் அலா அல்மஅர்ரியை நம்மவர்கள் பேசுவது குறைவு. பேசினாலும் 'ஸிந்தீக்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவர். 2013இல் அவ்வூரில் நின்ற அவரது சிலையின் தலையை ஆயுததாரிகள் துண்டித்தனர்.

'ரிஸாலதுல் குஃப்ரான்' ஒரு கடிதத்துக்கு எழுதப்பட்ட பதில். ஹலபைச் சேர்ந்த இப்னுல் காரிஹ் என்ற இலக்கணப் புலவர், தமது புலமையை விரித்து, வழிதவறியோரைச் சாடி மஅர்ரிக்கு எழுதியிருந்தார். மஅர்ரி அவரைப் புகழ்ந்துகொண்டே, கற்பனையில் மறுமைக்கு அனுப்பிவைக்கிறார்.

மஹ்ஷர் வெளியில் காத்திருந்து களைத்த புலவர், சுவர்க்கக் காவலர் ரிள்வானைப் புகழ்ந்து கவி பாடுகிறார். ரிள்வானுக்கோ கவிதை என்றால் என்னவென்றே தெரியவில்லை! பின்னர் அபூஅலீ அல்ஃபாரிஸி என்ற இலக்கண ஆசிரியரைக் கவிஞர்கள் வளைத்து, தம் வரிகளைத் திரித்ததாகச் சண்டை பிடிக்கின்றனர். அதை விலக்கப் போனவர் தமது தௌபாப் பத்திரத்தைத் தொலைத்துவிடுகிறார். இலக்கியக் கூட்டங்களில் காலம் கழித்த எனக்கு இக்கட்டம் மிகவும் பழக்கமானதாகப் பட்டது.

ஆயினும் இந்நூலின் உயிர் அதன் பெயரிலுள்ள குஃப்ரானில், மன்னிப்பில், இருக்கிறது. யாரைச் சுவர்க்கத்தில் கண்டாலும் புலவர் கேட்பது, எதனால் மன்னிக்கப்பட்டீர் என்பதையே. ஜாஹிலிய்யாக் கவிஞரான ஸுஹைரும் அங்கே இருக்கிறார். மதுவின் மீதுள்ள ஆசையால் இஸ்லாத்தை ஏற்காது திரும்பிப்போன அல்அஃஷாவும் இருக்கிறார். அல்அஃஷாவுக்குச் சுவர்க்கத்து மது மட்டும் கிடையாது. ஸுஹைருக்கு உண்டு, அவர் தடை வருமுன்னரே இறந்தவராம். நம் மேடைகளில் பிறரை நரகத்துக்கு அனுப்பும் வேகத்தைப் பார்த்தவர்கள் இந்தத் தாராளத்தைக் கவனிக்க வேண்டும்.

தாந்தேயின் காவியத்துக்கு இது போன்ற இஸ்லாமிய நூல்கள் தூண்டுதலாயின என்று 1919இல் ஸ்பானிய அறிஞர் ஆஸின் பலாஸியோஸ் வாதிட்டார். எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. என்னைத் தடுத்து நிறுத்தியது கண்கள் பற்றிய விஷயம்.

மஅர்ரி சுமார் 4 வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர். அவரது சுவர்க்கத்தில், மங்கிய பார்வையால் பெயர் பெற்ற அல்அஃஷாவுக்கு அழகிய கரிய விழிகள். ஒற்றைக் கண்ணரான கைஸ் குலக் கவிஞர் ஐவருக்கும் அவ்வாறே. நரகத்தில், பிறவிக் குருடரான பஷ்ஷார் இப்னு புர்துக்கும் பார்வை கொடுக்கப்படுகிறது. தமது வேதனையைத் தாமே காண்பதற்காக! நமது புலவரோ அவரிடமும் போய் அவரது வரிகளில் பொருள் விளக்கம் கேட்கிறார். தமக்கு இப்போது வேறு வேலை இருப்பதாகச் சொல்லி, தம்மை விட்டுவிடும்படி கேட்கிறார் பஷ்ஷார்.